ஃப்ரிட்ஜின் முதுகைப் பாருங்கள்!

"சார், இந்த வாந்தி என் பிள்ளையை விட்டுப் போகவே மாட்டேங்குது. ரெண்டு மாசத்துல இது மூணாவது தடவை!"

அந்த அம்மா ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. கூட வந்திருந்த ஒன்பது வயதுப் பையன் உதடு காய்ந்து, கண் உள்ளே போய், துவண்டு உட்கார்ந்திருந்தான். முதல் இரண்டு தடவையும் நான்தான் மருந்து கொடுத்தேன். "வெளியில வாங்கிச் சாப்பிடாதீங்க" என்று வழக்கமான புத்திமதியையும் சொல்லி அனுப்பினேன். பையன் தேறினான். சில வாரங்களில் திரும்பவும் வந்தான்.

மூன்றாவது தடவைதான் எனக்கே உறைத்தது. முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டான்?"

"வீட்டுச் சாப்பாடுதான் சார். ஞாயித்துக்கிழமை செஞ்ச வெஜிடபிள் பிரியாணி கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. ஃப்ரிட்ஜுலதான் வச்சிருந்தேன். நல்லா சூடு பண்ணித்தான் குடுத்தேன்."

அன்றைக்குப் புதன்கிழமை.

"ஃப்ரிட்ஜ் வீட்ல எந்த இடத்துல இருக்கு?"

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஃப்ரிட்ஜ் எங்க இருந்தா என்ன சார்? ஓடுது, குளிருது. பெரிய டபுள் டோர். போன வருஷம்தான் வாங்கினோம்."

உங்களுக்கும் சிரிப்பு வரலாம். சித்த வைத்தியர் மூலிகையைப் பற்றி எழுதாமல் ஃப்ரிட்ஜைப் பற்றி எழுத வந்துவிட்டாரே என்று! பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் நான் படித்த காலத்தில், குணபாடம் நடத்திய ஆசிரியர் ஒருவர் மருந்துச் சரக்கைக் கையில் எடுத்ததும் முதலில் கேட்பது, "இதை எங்கே வைத்திருந்தாய்?" என்றுதான். ஈரச்சுவர் ஓரத்தில் வைத்த சுக்கும், காற்றோட்டமான பரணில் வைத்த சுக்கும் ஒன்றாகுமா? உணவே மருந்து என்று வாய்க்கு வாய் சொல்கிறோம். அந்த உணவை வைக்கிற பெட்டி எங்கே நிற்கிறது என்று பார்ப்பதும் வைத்தியன் வேலைதான்.

மறுநாள் சாயங்காலம் அவர்கள் வீட்டுக்கே போனேன். புதிதாக மரவேலை செய்த அழகான சமையலறை. ஃப்ரிட்ஜுக்கென்றே அளவெடுத்து ஒரு மாடம் கட்டி, இரண்டு பக்கமும் பலகை, மேலே அலமாரி. உள்ளே ஃப்ரிட்ஜ் தீப்பெட்டிக்குள் குச்சி அடுக்கினமாதிரி இறுக்கமாக நின்றது. இடப்பக்கம் ஒரு முழம் தள்ளிக் கேஸ் அடுப்பு. பின்பக்கம் மேற்குச் சுவர். அந்தச் சுவரில் கை வைத்தேன். ஆறு மணிக்கும் சுட்டது.

என் மருந்து அறைக்காக வாங்கி வைத்திருந்த தெர்மாமீட்டரைக் கொண்டு போயிருந்தேன். ஒரு டம்ளர் தண்ணீரில் அதைப் போட்டு, ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் வைத்து, காலையில் திறந்ததும் படித்துச் சொல்லச் சொன்னேன். (காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. ஃப்ரிட்ஜுக்கென்றே தெர்மாமீட்டர் கிடைக்கிறது.) காலையில் போன் வந்தது. 11 டிகிரி!

கீழ் அறை 4 டிகிரி செல்சியஸ், அல்லது அதற்கும் கொஞ்சம் கீழே இருக்க வேண்டும். மேலே ஃப்ரீஸர் மைனஸ் 18. ஐந்து டிகிரிக்கு மேலே போகப் போக, சமைத்த உணவில் கிருமிகள் பெருக ஆரம்பிக்கின்றன. 11 டிகிரி கைக்கு ஜில்லென்றுதான் இருக்கும். தண்ணீர் பாட்டிலும் வேர்க்கும். ஆனால் அந்தக் குளிர் சாப்பாட்டைக் காப்பாற்றாது.

அதோடு இன்னொன்று. அந்த அம்மா பிரியாணியை "ஆறட்டும்" என்று மத்தியானத்திலிருந்து ராத்திரி வரை வெளியே வைத்துவிட்டுப் பிறகுதான் உள்ளே வைத்திருக்கிறார். சோற்றில் பாசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி உண்டு. அதன் வித்துகள் கொதிக்கிற தண்ணீரிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்து ஒரு நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் அழியாது. சாப்பிட்ட ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும். பையனுக்கு இதுதான் என்று நான் பரிசோதனைச் சாலையில் நிரூபிக்கவில்லை. ஆனால் நேரமும் லட்சணமும் ஒத்துப் போயின. சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள், அகலமான சின்னப் பாத்திரங்களில் பிரித்து உள்ளே வைத்துவிட வேண்டும். முந்தின நாள் கறியை மறுநாள் தொடாதே என்பது நமது தேரையர் சொன்ன விதி. அதை அப்படியே கடைப்பிடிக்க இந்தக் காலத்தில் முடியவில்லை என்றால், மிச்சத்தை வைக்கிற பெட்டியாவது ஒழுங்காகக் குளிர வேண்டாமா?

அதே 11 டிகிரியில், கதவுத் தட்டில், மாமியாரின் இன்சுலினும் இருந்தது. நான் சித்த மருத்துவன்தான். ஆனால் இன்சுலின் போடுகிறவர்களை நிறுத்தச் சொல்வதில்லை. பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உறையவும் கூடாது. கதவுத் தட்டு அதற்கு ஏற்ற இடமே அல்ல. கதவைத் திறக்கும்போதெல்லாம் வெயில் காய்கிற இடம் அது.

வெப்பத்தை வெளியே தள்ளுகிற யந்திரம்

ஃப்ரிட்ஜ் குளிரை உண்டாக்குகிறது என்று நினைக்கிறோம். உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். பழைய ஃப்ரிட்ஜுகளில் முதுகில் கறுப்பாக ஒரு கம்பி வலை தெரியும். வெப்பம் அது வழியாகத்தான் வெளியேறும். இப்போது வரும் பல பெரிய ஃப்ரிட்ஜுகளில் அந்தக் குழாய்களைப் பக்கச் சுவருக்குள்ளேயே மறைத்து விடுகிறார்கள். அதனால்தான் பக்கத்தில் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறது. ரிப்பேர் என்று பயப்பட வேண்டாம். மூச்சுவிட இடம் கொடுங்கள்.

கத்திரி வெயிலில் ஒரு ஆளுக்குக் கம்பளி போர்த்தி ஓடச் சொன்னால் எப்படி இருக்கும்? வியர்வை போக வழியில்லாமல் ஆள் சுருண்டு விழுந்து விடுவார். மாடத்துக்குள் அடைத்த ஃப்ரிட்ஜும் அப்படித்தான். தான் விட்ட சூட்டையே திரும்ப வாங்கிக்கொண்டு ராப்பகலாக ஓடும். கரண்ட் பில் ஏறும். உள்ளே மட்டும் குளிராது. மே மாதத்தில் இரண்டு அடுப்பும் எரிகிற சின்னச் சமையலறை 40 டிகிரியைச் சுலபமாகத் தொட்டு விடும். வாங்கும்போது ஃப்ரிட்ஜுக்குள் ஒட்டியிருக்கும் சீட்டில் 'டி' என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். 43 டிகிரி வரை தாங்கும் என்று அர்த்தம். 'எஸ்டி' என்றால் 38 வரைதான். நம் ஊர் வெயிலுக்கு 'டி'தான் சரி. அதற்காக அடுப்படியில் கொண்டு போய் ஒட்ட வைக்கலாம் என்று இல்லை.

சரி, எங்கேதான் வைப்பது? வெயில் படாத உள்சுவர் எது என்று முதலில் தேடுங்கள். சாப்பாட்டு அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் உள்ள சுவர் பெரும்பாலும் நல்ல இடம். மேற்குச் சுவர் வேண்டாம். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற வீடென்றால் இன்னும் வேண்டாம். அடுப்பிலிருந்து நாலடியாவது தள்ளி இருக்கட்டும். இடமே இல்லை என்கிறவர்கள் நடுவில் ஒரு தடுப்பாவது வைக்க வேண்டும். முதுகுப்பக்கமும் இரு பக்கமும் நாலு விரற்கடை, தலைக்கு மேலே ஒரு ஜாண். உங்கள் ஃப்ரிட்ஜோடு வந்த புத்தகத்தில் இதைவிட அதிகமாகப் போட்டிருந்தால் அதுதான் கணக்கு. மாடிப்படிக்குக் கீழே வைப்பவர்கள் உண்டு. அங்கே காற்றும் இல்லை, சுத்தம் பண்ண ஆள் குனியவும் முடியாது. படுக்கையறையில் வைத்தால் ராத்திரி முழுக்க உறுமல். தூக்கம் கெட்டால் பித்தம் ஏறும் என்று நான் சொல்லித்தானா தெரிய வேண்டும்?

வாஸ்து பார்க்கிறவர்கள் இருக்கிறீர்கள். அக்கினி மூலையில் அடுப்பு, கன்னி மூலையில் கனமான சாமான் என்பார்கள். அதோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கன்னி மூலை என்பது தென்மேற்கு. சாயங்கால வெயில் முழுக்க அந்த மூலைச் சுவரில்தான் இறங்கும். அங்கேதான் வைப்பேன் என்றால் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வையுங்கள்.

அளவு விஷயம் சுலபம். கடைக்குப் போகுமுன் பழைய நியூஸ் பேப்பரை ஒட்டி, ஃப்ரிட்ஜின் அகலம், ஆழத்துக்குத் தரையில் விரித்து வையுங்கள். ஒரு நாள் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். ராத்திரி பாத்ரூம் போகிற பாட்டிக்கு வழி இருக்கிறதா? பக்கவாட்டில் இரண்டு கதவு வைத்தவை மூன்றடி அகலம் வரும். பழைய வீட்டு நிலைப்படி இரண்டரை அடிதான்! இன்னொரு சமாசாரம், கதவு பெரும்பாலும் வலப்பக்கக் கீலில் திறக்கும். வலது பக்கம் சுவர் ஒட்டியிருந்தால் கதவு பாதியில் நின்றுவிடும். காய்கறி டிரேயை இழுக்க முடியாது. அதைக் கழுவாமலே விட்டுவிடுவோம், அழுகிய கொத்தமல்லி அங்கேயே குடியிருக்கும்.

தட்டில் நெளிந்தவை

ஆசிரியை வீட்டில் நான்கு பேர் சேர்ந்து ஃப்ரிட்ஜை வெளியே இழுத்தபோது, பின்னால் கம்ப்ரஸருக்கு மேலே உள்ள பிளாஸ்டிக் தட்டைப் பார்த்தேன். உள்ளே உருகும் பனித்தண்ணீர் வந்து விழுகிற தட்டு அது. வாங்கிய நாளிலிருந்து யாரும் அதைப் பார்த்ததில்லை. பார்க்க வழியும் இல்லை. தண்ணீரில் கொசுப் புழுக்கள் நெளிந்து கொண்டிருந்தன.

2012-இல் எங்கள் திருநெல்வேலி மாவட்டம் டெங்குவால் பட்ட பாட்டை மறக்க முடியாது. அப்போதுதான் அரசாங்கமே நிலவேம்புக் குடிநீரை ஊர் ஊராகக் கொடுத்தது. நானும் தினமும் பெரிய பாத்திரத்தில் காய்ச்சி, வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றினேன். ஆனால் எவ்வளவு குடிநீர் குடித்தாலும், வீட்டுக்குள்ளேயே ஏடிஸ் கொசுவை வளர்த்தால் என்ன பிரயோசனம்? அது சாக்கடையில் வளராது. நம் வீட்டு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாகி வர ஒரு வாரம், பத்து நாள் போதும். தட்டு காய்ந்தாலும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் வாரத்தில் ஒரு நாள் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தட்டின் தண்ணீரைக் கொட்டி, தேய்த்துக் கழுவித் துடைக்க வேண்டும். கழற்ற முடியாத தட்டென்றால் துணியால் ஒற்றியெடுத்து அழுத்தித் துடையுங்கள். இதற்கு ஃப்ரிட்ஜை முன்னால் இழுக்க இடம் வேண்டும். பெரிய ஃப்ரிட்ஜுகளுக்குக் கீழே சக்கரம் இருக்கும். மாடத்துக்குள் ஆசாரி அடைத்து விட்டால் சக்கரம் இருந்து என்ன செய்ய? முன்பக்கத்து அழகைப் பார்த்து இடம் ஒதுக்காதீர்கள், முதுகுக்குக் கை போகிறதா என்று பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். அங்கே இருக்கிற கதகதப்புக்குக் கரப்பான் குடும்பம் நடத்தும், எலி வந்து வயரைக் கடிக்கும். கை போகிற இடம் என்றால் இரண்டுமே கண்ணில் பட்டுவிடும்.

வயர் என்றதும் ஞாபகம் வருகிறது. "கதவைத் தொட்டா லேசா சுர்ருங்குது சார்" என்று சாதாரணமாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். லேசாக அல்ல, அது எமன் கதவைத் தட்டுகிற சத்தம். ஈரத் தரை, வெறுங்கால், எர்த் இல்லாத பிளக் மூன்றும் சேர்ந்தால் உயிர் போகும். உடனே மெயினை அணைத்து எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எர்த் உள்ள தனி பிளக் பாயிண்ட் பக்கத்திலேயே இருக்கிற இடம்தான் ஃப்ரிட்ஜுக்கு இடம். மிக்ஸியோடு சேர்த்து ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகக் கூடாது. பாத்திரம் கழுவுகிற தொட்டியிலிருந்தும் தள்ளி இருக்கட்டும். வீட்டு மெயினில் 30 மில்லியாம்பியர் கசிவுக்கே அணைந்து விடும் ஆர்சிசிபி இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

இப்போதைய ஃப்ரிட்ஜுகள் பலவற்றில் ஓடுவது ஐசோபியூட்டேன் வாயு. நமது சமையல் கேஸுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அளவு சில பத்துக் கிராம்தான், பயம் வேண்டாம். ஆனால் ஃப்ரீஸரில் படிந்த ஐஸைக் கத்தியால் குத்திக் குழாயைப் பொத்தல் போடாதீர்கள். காற்றோட்டம் இல்லாத பொந்து கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கரண்ட் போனால்? கதவைத் திறக்காமல் இருந்தால் கீழ் அறை நாலு மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃப்ரீஸர் 48 மணி, பாதி நிறைந்தது 24 மணி. ஊருக்குப் போகும்போது ஒரு கிண்ணத்தில் தண்ணீரை ஐஸாக்கி, அதன்மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது காசு அடியில் கிடந்தால், ஐஸ் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. மீனையும் மாவையும் யோசிக்காமல் கொட்டி விடுங்கள். 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் வீட்டுக்குள் வந்ததைப் பார்த்தவர்கள், தாழ்ந்த தரையில் ஃப்ரிட்ஜை நிறுத்த மாட்டார்கள். சிமெண்டில் அரையடி மேடை, மட்டம் பார்த்துக் கட்டினால் போதும். தண்ணீரில் நனைந்த ஃப்ரிட்ஜை மெக்கானிக் பார்க்காமல் ஸ்விட்ச் போடக் கூடாது.

ஆசிரியை வீட்டில் ஃப்ரிட்ஜ் இப்போது சாப்பாட்டு மேஜைக்கு எதிரே, உள்சுவர் ஓரம் நிற்கிறது. மர வேலைக்குச் செலவழித்த பணம் வீணாகிவிட்டதே என்று வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் வருத்தம். காலியான மாடத்தில் இட்லிக் கொப்பரையும் அரிசி டிரம்மும் ஏறிவிட்டன. இடம் மாற்றிய மூன்றாம் நாள் தெர்மாமீட்டர் 4 காட்டியது. பையன் கடைசியாக என்னிடம் வந்தது முழங்காலில் அடிபட்டு. கூட வந்த மாமியார்தான் குறைப்பட்டுக்கொண்டார்:

"வைத்தியரய்யா, நீங்க இடம் மாத்தச் சொன்னதுல இருந்து மோரு வாயில வைக்க முடியல. பல்லு கூசுது!"