டிரம்ஸை எங்கே வைப்பீர்கள்?

கேள்வி: அண்ணா, நாங்கள் நான்கு பேர் தமிழில் சொந்தமாக ராக் பாடல்கள் எழுதி வாசிக்கிறோம். இரண்டு கிட்டார், பேஸ், டிரம்ஸ். ஐந்து பாடல்களை நாங்களே பதிவு செய்ய ஆசை. கையில் 1,200 வெள்ளி இருக்கிறது. 800 வெள்ளிக்கு நல்ல கண்டென்சர் மைக் ஒன்றை வாங்கினால் பாதி வேலை முடிந்தது என்கிறார் நண்பர். என் வீடு தேக்கா நிலையத்தை ஒட்டிய பழைய வீவக புளோக்கில். டிரம்மர் வீடு பொங்கோலில், அங்கே பாம் ஷெல்டர் இருக்கிறது. அதை ஸ்டுடியோ ஆக்கலாமா? மானிட்டர் ஸ்பீக்கர் கட்டாயமா?

– பெயர் வேண்டாம், தேக்கா

பதில்: தம்பி, கடிதத்தில் மைக், ஸ்பீக்கர் எல்லாம் இருக்கின்றன. டிரம்ஸை எங்கே வைத்து அடிக்கப் போகிறீர்கள் என்பது மட்டும் இல்லை. ராக் குழுவுக்கு முதல் முடிவு அதுதான். அது தெரிந்துவிட்டால் வாங்க வேண்டிய சாமான் பாதியாகக் குறைந்துவிடும்.

வீவக வீட்டில் டிரம் செட் வேண்டாம். கிக் டிரம்மின் தாழ்ந்த ஒலி தரைக்குள் இறங்கிக் கீழ்வீட்டுக் கூரையில் போய்க் கேட்கும். சுவரில் ஒட்டும் நுரைப்பஞ்சு அறைக்குள் எழும் எதிரொலியைக் குறைக்குமே தவிர, ஒலி வெளியே போவதைத் தடுக்காது. இந்த வித்தியாசம் தெரியாமல் பஞ்சுக்குப் பணம் கொட்டியவர்கள் நிறையப் பேர்.

பாம் ஷெல்டர் யோசனை எல்லாருக்கும் ஒருமுறை வரும். 1990களின் பிற்பகுதிக்குப் பிறகு கட்டிய வீடுகளில் இருக்கும் அந்த அறைக்குத் தடித்த கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் உண்டு; ஒலி வெளியேறாது என்று தோன்றும். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒன்றரை மீட்டர் இடைவெளியில் இரண்டு சுவர்கள் எதிரெதிரே நின்றால், குறிப்பாகச் சுமார் 114 ஹெர்ட்ஸ் ஒலி அவற்றுக்கிடையே நின்று வீங்கும். ஆண் குரலின் அடித்தளம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. பாடினால் தகர டப்பாவுக்குள்ளிருந்து பாடியது போல வரும். பிறகு எந்த மென்பொருளாலும் அதைச் சுத்தமாக எடுக்க முடியாது. அந்தச் சுவரில் இஷ்டத்துக்குத் துளை போடவும் கூடாது, விதிமுறை உண்டு. கதவைச் சாத்தினால் காற்றும் போதாது. அரிசி மூட்டையும் சூட்கேசும் அங்கேயே இருக்கட்டும்.

மலிவுக் கருவி போதும் என்பதற்குப் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘நெப்ராஸ்கா’வை உதாரணம் காட்டுவார்கள். 1982-இல் நியூஜெர்சி வீட்டில், டாஸ்காம் போர்ட்டாஸ்டுடியோ என்ற நான்கு தட கேசட் கருவியிலும் இரண்டு ஷூர் எஸ்எம்57 மைக்கிலும் பதிந்தார். பிறகு குழுவோடு ஸ்டுடியோவில் முயன்று பார்த்தும் திருப்தி இல்லாமல் அந்த கேசட்டையே ஆல்பமாக்கினார். எல்லாம் உண்மை. ஆனால் அதில் டிரம்ஸே கிடையாது! நம் ஊர் ருத்ராவை எடுத்துக்கொள்ளுங்கள். 1992-இல் தொடங்கிய டெத் மெட்டல் குழு, முதல் ஆல்பம் 1998-இல். டெத் மெட்டல் என்றால் டிரம்ஸ்தான் முதுகெலும்பு. நீங்கள் ருத்ரா பக்கம், ஸ்பிரிங்ஸ்டீன் பக்கம் இல்லை.

ஆகவே டிரம்ஸை மட்டும் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஜாமிங் ஸ்டுடியோவில் பதியுங்கள். கிட்டார், பேஸ், குரல் வீட்டில். இதற்கு மடிக்கணினியோடு பையில் போகிற, நான்கு மைக் நுழைவு உள்ள இன்டர்ஃபேஸ் (மைக் ஒலியைக் கணினிக்குள் அனுப்பும் கருவி) ஒன்று வேண்டும். பெரிங்கர் யுஎம்சி404எச்டி உங்கள் கணக்குக்குச் சரியாக வரும். இரண்டு நுழைவு மட்டும் உள்ளது இன்னும் மலிவு, ஆனால் டிரம்ஸுக்குப் போதாது.

நான்கு மைக்கில் டிரம்ஸா என்று டிரம்மர் முகம் சுளிப்பார். கிக்குக்கு ஒன்று, ஸ்னேருக்கு ஒன்று, மேலே இரண்டு. இந்த மேல் மைக் இரண்டும் ஸ்னேரின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு நூலைப் பிடித்து அளந்து வையுங்கள். 34 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தால் ஒலி ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட் தாமதமாக வந்து, இரண்டு மைக்கும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். ஸ்னேர் சப்பென்று கேட்கும். லெட் செப்பலினைப் பதிந்த கிளின் ஜான்ஸ் பெயரில் வழங்கும் முறையும் இந்தச் சம தூரத்தை நம்பித்தான் நிற்கிறது. ஒலி அளவு உச்சத்திலும் மைனஸ் 10 டெசிபெல்லைத் தாண்ட வேண்டாம். 24 பிட்டில் பதியும்போது குறைவாகப் பதிவதால் நஷ்டம் எதுவும் இல்லை.

நண்பர் சொன்ன 800 வெள்ளி மைக்? வேண்டாம். காலையில் ஈரச்சந்தைக்குச் சாமான் இறங்கும் சத்தம், ஞாயிறு மாலைக் கூட்டம், தலைக்கு மேல் மின்விசிறி என எல்லாவற்றையும் அது அக்கறையாகப் பதிவு செய்யும். ஒரு எஸ்எம்57 வாங்குங்கள். ஸ்னேர், கிட்டார், குரல் மூன்றுக்கும் அதுவே ஓடும். குரலுக்கு ஒரு காற்றுத்தடுப்பான் மட்டும் மாட்டுங்கள். போலி எஸ்எம்57 சந்தையில் நிறைய உலவுகிறது, ஆகவே இதை மட்டும் இரண்டாம் கையாக வாங்காதீர்கள். மேல் மைக்குக்குச் சிறிய கண்டென்சர் ஜோடி ஒன்று, மலிவானதே போதும். கிக்குக்கு ஸ்டுடியோவில் இருக்கும் மைக்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பதிவு செய்ய வருகிறோம் என்று முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள்.

கிட்டாரையும் பேஸையும் நேராக இன்டர்ஃபேஸில் செருகுங்கள். ஆம்ப் ஒலியைப் பிறகு கணினியில் சேர்க்கலாம். நியூரல் ஆம்ப் மாடலர் இலவசம். ராத்திரி இரண்டு மணிக்கும் வாசிக்கலாம், அம்மா எழுந்து வரமாட்டார். பதிவு மென்பொருளுக்கு ரீப்பர். 60 நாள் இலவசமாகப் பார்த்துவிட்டு, பிடித்தால் 60 அமெரிக்க டாலர் உரிமம்.

குரல் பதியும்போது எல்லாரும் மைக்குக்குப் பின்னால் போர்வை கட்டுகிறார்கள். எஸ்எம்57 போன்ற மைக் பின்பக்க ஒலியைத் தானே ஒதுக்கிவிடும். பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரில் மோதித் திரும்பும் ஒலிதான் நேராக மைக்கின் வாய்க்குள் போகிறது. தடித்த போர்வையை அங்கே தொங்கவிடுங்கள், அல்லது துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து அதற்கு முதுகைக் காட்டிப் பாடுங்கள்.

மானிட்டர் ஸ்பீக்கர் இப்போதைக்கு வேண்டாம். வெற்றுக் கான்கிரீட் படுக்கையறையில் அது பொய் சொல்லும். மூடிய வகை ஹெட்ஃபோன் ஒன்று நல்லதாக வாங்குங்கள். முடித்த பாட்டைக் கைப்பேசியிலும் யாராவது ஒருவரின் காரிலும் போட்டுக் கேளுங்கள்.

கணக்கு இப்படி: இன்டர்ஃபேஸுக்கு 250, மைக்குகளுக்கு 350, ஹெட்ஃபோனுக்கு 150 என்று ஒதுக்குங்கள். கேபிளுக்கும் ஸ்டாண்டுக்கும் 150 போதும். கேபிள் வாங்க வீட்டிலிருந்து நடந்தே போகலாம், ஜாலான் புசார் முனையில் சிம் லிம் டவர். சாலிடர் பிடிக்கத் தெரிந்தால் கம்பியும் கனெக்டரும் வாங்கி நீங்களே செய்துகொள்ளலாம். கண்டென்சர் மைக்குகளை மேசைமேல் விட்டுவைக்காதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் பொரி வறுப்பதுபோல் சத்தம் போட ஆரம்பிக்கும். கேமராக்காரர்கள் வைத்திருக்கும் டிரை பாக்ஸ், இல்லாவிட்டால் மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல்.

மீதி 300 வெள்ளியைக் கருவியில் போடாதீர்கள். அது ஸ்டுடியோ வாடகைக்கும், டிரம்மரின் ஸ்னேருக்குப் புதுத் தோல் மாற்றவும். வாடகை இடத்து ஸ்னேரில் ஊர்க்காரர்கள் எல்லாரும் அடித்து முடித்திருப்பார்கள். தன்னுடையதை எடுத்துவரச் சொல்லுங்கள். முதல் அரை மணி நேரத்தை அதை டியூன் செய்யவே ஒதுக்குங்கள்.