கப்பல் உல்லாசப் பயணமும் அங்கத்துவப் புள்ளிகளும்: முதன்முறைப் பயணிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கொள்ளுப்பிட்டிச் சந்தியிலிருந்து காலி வீதியால் இருபது நிமிடம் நடந்தால் காலிமுகத்திடல். ஆண்டின் தொடக்க மாதங்களில் மாலை நேரம் அங்கே இறால் வடையோடு நிற்பவர்கள், துறைமுகத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு மாடி உயர வெள்ளைக் கப்பலொன்று விளக்கேற்றிக்கொண்டு வெளியேறுவதைப் பார்த்திருப்பார்கள். "ஒருக்கா அதில போகவேணும்" என்று சொல்லாத ஆள் அபூர்வம்.

அப்படி ஆசைப்பட்டு சிங்கப்பூரிலோ வன்கூவரிலோ கப்பலேறித் திரும்பியவர்களுக்குச் சில நாட்களில் ஒரு மின்னஞ்சல் வரும்: வாழ்த்துகள், நீங்கள் இப்போது எங்கள் கோல்ட் அங்கத்தவர். அடுத்த முறையும் எங்களோடு வந்தால் இன்னும் மேலே போகலாம். கீல்ஸ் காசாளர் நெக்ஸஸ் இலக்கம் கேட்டுப் பழகிய நமக்கு இது புதிதல்ல. ஆனால் அரிசி, பருப்பு வாங்குவது வாராவாரம். கப்பலேறுவது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை. அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு, இந்த அங்கத்துவம் உங்கள் குடும்பத்துக்கு உண்மையில் எவ்வளவு பெறும் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

## படி 1: எங்கே ஏறப்போகிறீர்கள் என்பதைத் தீர்மானியுங்கள்

கொழும்பு, பெரிய உல்லாசக் கப்பல்கள் வழியில் தரித்துப் போகும் துறைமுகம். அவற்றில் வருகிறவர்களில் மிகப் பெரும்பாலானோர் வேறெங்கோ ஏறியவர்கள். ஆகவே நமக்குக் கப்பல் பயணம் என்பது முதலில் ஒரு விமானப் பயணம். கிட்டிய தெரிவு சிங்கப்பூர். மற்றவை பெரும்பாலும் சொந்தக்காரர் இருக்கும் ஊர்களை ஒட்டியவை: கனடாவில் இருந்தால் வன்கூவரில் ஏறி அலாஸ்கா, இங்கிலாந்தில் இருந்தால் சவுதாம்ப்டன், அவுஸ்திரேலியாவில் இருந்தால் சிட்னி.

இந்தியாவின் கோர்டீலியா நிறுவனம் 2023 ஜூன் மாதம் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்கு 'எம்ப்ரெஸ்' என்ற கப்பலை ஓட்டத் தொடங்கியது. கொழும்பில் இருப்பவர் அதில் போக வேண்டுமென்றால் சென்னைக்குப் பறந்து, கப்பலேறி, காங்கேசன்துறையில் இறங்கி ஊர் பார்க்க வேண்டும்!

அந்தக் கப்பலின் கதையில் நமக்கொரு பாடமும் உண்டு. 1990இல் அது கடலில் இறங்கியபோது ரோயல் கரீபியன் நிறுவனத்தின் கப்பல். பெயர் 'நோர்டிக் எம்ப்ரெஸ்'. பிறகுதான் கைமாறியது. அன்று அதில் பயணித்தவருக்குப் புள்ளி ரோயல் கரீபியன் கணக்கில் விழுந்தது. இன்று அதே கப்பலில் போகிறவருக்கு அங்கே ஒரு புள்ளியும் விழாது. அங்கத்துவம் நிறுவனத்தோடு ஒட்டியது, கப்பலோடு அல்ல.

ஏறும் இடத்தோடு விசாவையும் பாருங்கள். சிங்கப்பூருக்குள் நுழைய இலங்கைக் கடவுச்சீட்டுக்கு முன்கூட்டிய விசா தேவையில்லை. ஆனால் கப்பல் தொடும் அடுத்த நாட்டுக்குத் தேவைப்படலாம். ஒரு துறைமுகத்துக்கான விசா குறைந்தாலும் ஏற விடாமல் நிறுத்தக்கூடும். மத்தியதரைக் கடல் பயணங்களில் கப்பல் ஷெங்கன் எல்லைக்கு வெளியே போய்த் திரும்பினால், ஒருமுறை மட்டும் நுழையக்கூடிய விசா போதாது. எவ்வளவு உயர்ந்த அங்கத்துவ அட்டையும் இதற்குத் துணைக்கு வராது.

## படி 2: புள்ளி எப்படிச் சேர்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நிறுவனத்துக்கு நிறுவனம் கணக்கு வேறு. சில கப்பலில் தூங்கிய இரவுகளை எண்ணும். சில எத்தனை பயணம் என்று எண்ணும். சில செலவழித்த பணத்தை எண்ணும். உதாரணத்துக்கு, சிங்கப்பூரிலிருந்தும் பயணங்கள் நடத்தும் ரோயல் கரீபியனின் 'கிரவுன் அண்ட் ஆங்கர் சொசைட்டி'யை எடுத்துக்கொள்வோம். சாதாரண அறையில் ஓர் இரவுக்கு ஒரு புள்ளி. படிநிலைகள் இவை:

- கோல்ட்: 3 புள்ளி
- பிளட்டினம்: 30
- எமரல்ட்: 55
- டயமண்ட்: 80
- டயமண்ட் பிளஸ்: 175
- பினக்கிள் கிளப்: 700

சூட் வகை அறை எடுத்தால் இரவுக்கு இரண்டு புள்ளி. தனியாகப் போய் இருவருக்கான முழுக் கட்டணத்தையும் கட்டுகிறவருக்கும் ஒரு புள்ளி கூடுதலாகக் கிடைக்கும்.

## படி 3: உங்கள் சொந்தக் கணக்கைப் போடுங்கள்

ஒரு கடதாசி எடுங்கள். வெள்ளவத்தையிலிருக்கும் ஒரு குடும்பம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சிங்கப்பூர் போய், சாதாரண அறையில் நான்கு இரவுப் பயணம் செய்கிறது என்று வையுங்கள். ஒவ்வொரு முறையும் ஆளுக்கு நான்கு புள்ளி.

முதற் பயணத்திலேயே கோல்ட். பிளட்டினத்துக்கு எட்டுப் பயணம் வேண்டும். அதாவது முதற் பயணத்திலிருந்து பதினான்கு ஆண்டு. டயமண்டுக்கு இருபது பயணம். ஏறக்குறைய நாற்பது ஆண்டு. இன்று முதல் வகுப்பில் படிக்கும் பிள்ளைக்குத் தலை நரைக்கும்போது அப்பா டயமண்ட் ஆவார்.

இப்போது இன்னொரு குடும்பத்தைப் பாருங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதி. மகள் வன்கூவரில். ஆண்டுதோறும் அங்கே போய் மூன்று மாதம் நிற்பார்கள். போகும்போதெல்லாம் ஏழு இரவு அலாஸ்கா. ஐந்தாவது ஆண்டில் 35 புள்ளி, பிளட்டினம் தாண்டியாயிற்று. பன்னிரண்டாவது ஆண்டில் 84, டயமண்ட். இவர்களுக்கு விமானச்சீட்டு எப்படியும் மகளைப் பார்க்க எடுப்பதுதான். வெள்ளவத்தைக் குடும்பத்துக்கோ அது கப்பலுக்காகவே எடுப்பது.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். புள்ளிக்காக இன்னொரு பயணம் போக நினைக்கும் கொழும்புக்காரர், விமானச்சீட்டையும் இடைத்தங்கல் ஹோட்டலையும் கூட்டிப் பார்த்தால் சுமைகூலி எதுவென்று தெரிந்துவிடும்.

## படி 4: சலுகைகளுக்கு உங்கள் வீட்டு விலையைப் போடுங்கள்

நிறுவனம் தரும் பட்டியல் நீளமாக இருக்கும். நமக்கு எது பெறும் என்பதுதான் கேள்வி.

கீழ்ப் படிநிலைகள்: பெரும்பாலும் சிறு கூப்பன்கள், ஒரு பரிசுப் பொருள், விலைக்கழிவு பற்றிய முன்னறிவித்தல். இவை கிடைத்தால் மகிழ்ச்சி. இவற்றுக்காக எதையும் மாற்றிக்கொள்ள வேண்டாம்.

முன்னுரிமை வரிசை: துறைமுகத்தில் சீக்கிரம் ஏறலாம். முழங்கால் வலியுள்ள அம்மாவோடு போகிறவருக்கு இது பெரிய விடயம். இளைஞருக்கு அரை மணித்தியால மிச்சம்.

பானங்கள்: ரோயல் கரீபியனில் டயமண்ட் நிலை அங்கத்தவருக்கு நாளுக்கு நான்கு பானம் இலவசம். மேலே போகப் போக எண்ணிக்கை கூடும். அதிகம் பேசப்படும் சலுகை இதுதான். கப்பலின் மது விலையை வைத்துப் பார்த்தால் பெறுமதி பெரிது. மது தொடாத குடும்பத்தில் அது கோப்பியாகவும் சோடாவாகவும் சுருங்கும். தேநீரும் தண்ணீரும் உணவுமண்டபத்தில் எல்லோருக்கும் சும்மாவே கிடைக்கின்றன.

வைஃபை: கடலில் இணையம் விலை கூடியது. இதில் கிடைக்கும் கழிவு, வீட்டாரோடு நாளும் வட்ஸ்அப்பில் பேசவேண்டியவர்களுக்கு உண்மையான பணம்.

சலவை: சில நிறுவனங்கள் மேல்நிலை அங்கத்தவருக்கு உடுப்புத் தோய்த்துத் தரும். நான்கு நாள் பயணத்தில் தேவையில்லை. இரண்டு வாரப் பயணத்தில் பெட்டியின் பாரமே பாதியாகும்.

பால்கனி அறைக்கான கழிவு: ரோயல் கரீபியனில் பிளட்டினத்திலிருந்து சில பயணங்களுக்கு உண்டு. எப்படியும் பால்கனி அறைதான் எடுப்பீர்கள் என்றால் மட்டும் கணக்கில் சேருங்கள்.

இந்தப் பட்டியலில் இல்லாததையும் பாருங்கள். ஊழியருக்கான பணிக்கொடை பல நிறுவனங்களில் ஓர் ஆளுக்கு நாளுக்கு 15 முதல் 20 டொலர் வரை போகும். நால்வர், நான்கு நாள் என்றால் 240 முதல் 320 டொலர். துறைமுக வரியும் காப்புறுதியும் கரையில் எடுக்கும் சுற்றுலாவும் இதே மாதிரித்தான். பொதுவாக அங்கத்துவம் இவற்றைத் தொடாது.

## படி 5: இலவசமாகச் சேருங்கள், சரியான பெயரில் சேருங்கள்

சேருவதற்குக் காசில்லை. ஆகவே சேராமல் விடக் காரணமும் இல்லை. ஆனால் நம்மவர்களுக்கு இங்கேதான் சிக்கல் வருகிறது: பெயர்.

கடவுச்சீட்டில் அப்பா பெயர் முன்னால், உங்கள் பெயர் பின்னால். ஒரு முகவர் அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராகப் பதிவார். அடுத்தமுறை இன்னொருவர் தலைகீழாகப் பதிவார். மூன்றாமவர் முதலெழுத்து மட்டும் போடுவார். முடிவில் ஒரே ஆளுக்கு மூன்று கணக்கு, ஒவ்வொன்றிலும் நாலு புள்ளி. திருமணத்துக்குப் பின் பெயர் மாறிய பெண்களுக்கு இது இன்னும் கூடுதலாக நடக்கும். செய்யவேண்டியவை இவைதான்:

1. முதல் முன்பதிவிலேயே கடவுச்சீட்டில் உள்ளபடி பெயர் இருக்கிறதா என்று உறுதிச்சீட்டில் பாருங்கள்.
2. முகவரின் மின்னஞ்சலைக் கொடுக்காமல் உங்களுடையதைக் கொடுங்கள்.
3. அங்கத்துவ இலக்கம் கிடைத்ததும் கடவுச்சீட்டுப் பிரதியோடு குறித்து வையுங்கள். அடுத்த முன்பதிவின்போதே முகவரிடம் சொல்லுங்கள்.
4. திரும்பி வந்து சில வாரங்களில் புள்ளி விழுந்ததா என்று பாருங்கள். விழும்வரை கப்பலின் இறுதிக் கட்டணப் பட்டியலை எறிய வேண்டாம்.
5. பிள்ளைகளையும் பதியுங்கள். ரோயல் கரீபியனில் ஒரே வீட்டிலிருக்கும் துணைவரும் பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் வீட்டில் கூடிய படிநிலையில் உள்ளவரின் நிலையைப் பெறலாம்.

"ஒரே வீட்டில்" என்ற சொல்லைக் கவனியுங்கள். "நான் டயமண்ட் எல்லோ, என்னோட வா பிள்ளை, உனக்கும் எல்லாம் சும்மா" என்று ரொறன்ரோ மாமி தொலைபேசியில் சொல்வார். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் மாமியின் டயமண்ட் கொள்ளுப்பிட்டி முகவரிக்கு வராது. வரிசையில் மாமி முன்னால் போவார். நீங்கள் பின்னால் வருவீர்கள்.

## படி 6: புள்ளியில்லாமலே கிடைப்பதை முதலில் எடுங்கள்

கப்பலிலேயே அடுத்த பயணம்: பெரிய கப்பல்களில் இதற்கென மேசை இருக்கும். அங்கே முற்பணம் கட்டினால், கப்பலில் செலவழிக்கக் கொஞ்சம் பணம் கணக்கில் போடுவார்கள். முதன்முறைப் பயணிக்கும் இது உண்டு. முற்பணம் திரும்பப் பெறக்கூடியதா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள். கடைசி நாள் மாலை எல்லோருக்கும் இன்னொரு பயணம் போக ஆசை வரும். அந்த ஆசைக்காகத்தான் அந்த மேசை அங்கே இருக்கிறது.

நிலை ஒப்பீடு: எம்எஸ்சி நிறுவனம் வேறு கப்பல் நிறுவனத்திலோ ஹோட்டல் குழுமத்திலோ உங்களுக்கிருக்கும் நிலையைப் பார்த்து, அதற்கு நிகரான நிலையைத் தன் அங்கத்துவத்தில் தந்து வருகிறது. வேலைக்காக அடிக்கடி வெளிநாட்டு ஹோட்டல்களில் தங்குகிறவருக்கு, ஒருமுறைகூடக் கப்பலேறாமலே மேல்படியில் தொடங்க இது குறுக்குவழி.

சகோதர நிறுவனங்கள்: ரோயல் கரீபியன், செலிப்ரிட்டி, சில்வர்சீ மூன்றும் ஒரே குழுமம். ஒன்றில் உள்ள நிலைக்கு மற்றவற்றிலும் மதிப்பு உண்டு.

விலை ஒப்பீடு: அங்கத்தவர் விலை என்று வந்ததை அப்படியே நம்ப வேண்டாம். அதே திகதிக்கு, அதே அறைக்கு, அங்கத்தவர் கணக்கில் நுழையாமல் ஒருமுறை பாருங்கள். பிறகு வேறொரு நிறுவனத்தின் விலையையும் பாருங்கள். நூறு டொலர் மலிவாக வேறு கப்பல் கிடைத்தால், நாலு புள்ளியை நூறு டொலருக்கு வாங்குவீர்களா என்று உங்களையே கேளுங்கள்.

## படி 7: விதி மாறும் என்று எண்ணியே சேருங்கள்

விமான நிறுவனங்களில் புள்ளி சேர்க்கும் பழக்கம் பரவியது 1981இல் அமெரிக்கன் எயர்லைன்ஸ் தொடங்கிய திட்டத்தோடு. அங்கே பறந்த தூரத்தை எண்ணித் தொடங்கியவர்கள் பலர் பின்னாளில் செலவழித்த பணத்தை எண்ணத் தொடங்கினார்கள். கப்பலிலும் அந்தக் காற்று வீசுகிறது. கார்னிவல் நிறுவனம் தன் பழைய, நாட்களை எண்ணும் திட்டத்தை விட்டு, செலவை அடிப்படையாகக் கொண்ட புதிய திட்டத்துக்கு மாறுவதாக 2025 ஜூனில் அறிவித்தது. மலிவு அறைகளில் ஆண்டுக்கணக்காக நாட்களைச் சேர்த்த வாடிக்கையாளர்கள் பலர் கொதித்தார்கள்.

புள்ளி வங்கியில் போட்ட பணமல்ல. இன்று கையில் உள்ள சலுகையை இந்தப் பயணத்திலேயே பயன்படுத்துங்கள். பத்து ஆண்டு கழித்துக் கிடைக்கப்போகும் டயமண்டை நம்பி இன்று கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

## யாருக்குப் பெறும்?

பிள்ளைகளைப் பார்க்க ஆண்டுதோறும் வெளிநாடு போய், அங்கிருந்தே ஏழு நாளுக்குக் குறையாமல் கப்பலேறும் ஓய்வுபெற்றவர்களுக்கு நன்றாகப் பெறும். ஒரே நிறுவனத்தில் நிலைத்து நில்லுங்கள்.

இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பள்ளி விடுமுறையில் நான்கு நாள் போகும் குடும்பத்துக்கு, சேருவது மட்டும் பெறும், துரத்துவது பெறாது. ஒவ்வொரு முறையும் விலையும் திகதியும் துறைமுகமும் பார்த்து எந்தக் கப்பல் நல்லதோ அதில் ஏறுங்கள்.

வாழ்நாளில் ஒரேயொருமுறை போக நினைப்பவர் மின்னஞ்சலைத் திறக்கவே வேண்டாம். அந்த ஒரு பயணத்துக்குக் கடல் தெரியும் அறையாக எடுங்கள். ரொறன்ரோ மாமியோடு போகிறவர் பக்கத்து அறையைக் கேளுங்கள். டயமண்ட் வராவிட்டாலும், அவரின் நான்கு பானத்தில் ஒரு கோப்பி உங்கள் மேசைக்கு வரும்.