கற்பனை நாட்டுக்கு ஓர் ஆறு

கதை சொல்வதும் கேட்பதும் நமக்குப் புதியன அல்ல. ஆனால் நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்ந்து, எல்லோரும் சேர்ந்தே ஒரு கதையை நடத்திச் செல்லும் விளையாட்டு அண்மைக் காலத்தது. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற பெயரில் இதனை வெளியிட்டனர். ஒருவர் கதை நடத்துநர். கதை நிகழும் நாட்டை அறிந்தவர் அவர். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரமாகித் தாம் செய்வதைச் சொல்வர். செய்தது பலிக்குமா என்பது ஐயமானால் பகடை உருட்டப்படும்.

விடுதி நண்பர்கள் நால்வர் இதனை ஆட விரும்பியபோது நாட்டைப் புனையும் பொறுப்பு என்னிடம் வந்தது. மேலைநாட்டு நூல்களில் பனிமலைகளும் கற்கோட்டைகளும் நிரம்ப உண்டு. பனியையே கண்டிராத எங்களுக்கு அந்தக் குளிர் எப்படி உறைக்கும்? மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் தெற்காசிய மொழிகளைக் கற்பித்த எம். ஏ. ஆர். பார்க்கர் ஐரோப்பியக் கோட்டைகளை நாடாமல், தனக்கென மொழியும் சமயமும் உடைய டெக்குமெல் என்னும் உலகைப் புனைந்தார். அதைக் களமாகக் கொண்ட விளையாட்டு 1975-இல் வெளிவந்தது. நமக்கு அவ்வளவு தொலைவும் போக வேண்டியதில்லை; வகுப்பில் பயிலும் தொல்காப்பியமே போதும்.

முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்னும் வரிசையை எண்ணிப் பாருங்கள். முதலில் நிலமும் பொழுதும். அடுத்துத் தெய்வம், உணவு, மரம், பறவை, விலங்கு, பறை, தொழில் முதலியன. பிறகே மாந்தரின் உணர்வு. அகப்பாட்டுக்கு வகுத்த இலக்கணத்தை விளையாட்டுக்கு இழுக்கலாமா என்று தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் கடிந்துகொள்ளலாம். ஆனால் நாடு புனைபவன் எதை முதலில் முடிவு செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டி எனக்குக் கிட்டவில்லை. பெரும்பாலோர் மன்னன் பெயரில் தொடங்குகிறார்கள். மன்னன் மிகவும் பிந்தி வரவேண்டியவன்.

நிலத்துக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணியின் நீளம் ஏறத்தாழ 125 கிலோமீட்டர்தான். அதற்குள் குறிஞ்சியும் மருதமும் நெய்தலும் அடங்கிவிடுகின்றன. ஆற்றுக்கு எட்டாத மானாவாரிப் புன்செய்களை முல்லையாகவும், திருச்செந்தூரை அடுத்த செம்மணல் தேரியைப் பாலையாகவும் கொண்டேன். பொழுதுக்குக் காரும் பிசானமும். தென்மேற்குப் பருவமழை மலையில் பெய்து கார் நெல்லை விளைவிக்கும். வடகிழக்குப் பருவமழை பிசானத்துக்கு உதவும். இரண்டில் ஒன்று பொய்த்தாலே ஒரு கதை கிடைத்துவிடுகிறது!

இந்த ஆற்றில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. ஏழு வெள்ளையர் ஆட்சிக்கு முந்தியவை. எட்டாவது 19-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. எங்கள் கற்பனை நாட்டில் செம்பாறு என்னும் ஆறு. அதற்குத் தலையணை, இடையணை, கடையணை என மூன்றே அணைகள். (தலையணை என்றால் வெளியூர் நண்பர் சிரிக்கிறார். களக்காட்டில் அப்பெயரில் ஓர் இடமே உண்டு என்பது அவருக்குத் தெரியாது.) பசு நடந்த தடத்திலேயே கன்னடியன் கால்வாய் வெட்டப்பட்டது என்று ஒரு கதை வழங்குகிறது. அதைச் சற்று மாற்றி, கால்வாய்க்கு வழிகாட்டிய எருமை ஒன்றைத் தலையணை ஊரின் தெய்வமாக்கினேன். அந்த ஊரார் எருமையை ஏரில் பூட்டுவதில்லை. தெய்வம் ஒன்று வந்ததும் தொழிலில் ஒரு விலக்கும் தானே வந்துவிட்டது.

முதல் ஆட்டத்தில் தென்மேற்கு மழை பொய்த்த ஆண்டு. ஒரு நண்பர் தலையணைக் கோயிலின் கணக்கர். இன்னொருவர் கடைமடை உழவர். மூன்றாமவர் நெல் வணிகர். மூன்று மாலைகள் ஆடினோம். ஒருவரும் வாளை உருவவில்லை. தண்ணீர் முறை யாருடையது, இரவில் மடையைத் திறந்தது யார் என்பதிலேயே நள்ளிரவு ஆகிவிட்டது. கணக்கர் மடையைத் திறக்க இசைவாரா என்பதற்குப் பகடையை எடுத்தபோது, உழவராக ஆடியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய வீட்டாரும் கடைமடையில் பயிரிடுபவர்கள். “மழை வருமா என்பதற்கு உருட்டு. மனிதர் கொடுப்பாரா என்பதற்கு உருட்டாதே, அவரே வாயால் சொல்லட்டும்” என்றார். கணக்கராக இருந்தவர் நெடுநேரம் பேசாமல் இருந்து, நாளுக்கு ஒரு நாழிகை தரலாம் என்றார். அது போதாது என்று உழவர் எழுந்து போய்விட்டார். ஆட்டத்திலா, உண்மையிலா என்று எங்களுக்குச் சிறிது நேரம் விளங்கவில்லை. அன்றுமுதல் அவர் சொன்னதே எங்கள் விதி.

நாட்டுக்குப் பழமையும் வேண்டும். பாண்டியரின் துறைமுகமாய் விளங்கிய கொற்கை இன்று கடலிலிருந்து விலகி உள்நாட்டு ஊராக நிற்கிறது. ஆறு கொணர்ந்த வண்டல் கரையைத் தள்ளத் தள்ள, வாணிகம் காயலுக்குப் போயிற்று. பின்னர் அதுவும் தூர்ந்தது. வயலை வாழ்வித்த அதே மண் துறைமுகத்தை மூடிற்று. இதை அப்படியே எடுத்துக்கொண்டு, செம்பாற்றின் கழிமுகத்தில் தூர்ந்துபோன துறை ஒன்றை வைத்திருக்கிறேன். வயல் நடுவே பழைய கலங்கரை விளக்கம் ஒன்று நிற்கும். அதன் அடியில் உழும்போது நங்கூரங்கள் அகப்படும். அவை யாருக்குச் சொந்தம் என்ற வழக்கை வணிகராக ஆடும் நண்பர் இப்போதே தொடங்கிவிட்டார். அடுத்த விடுமுறைக்குள் அந்த ஊருக்கு உணவும் பறையும் பறவையும் நான் முடிவு செய்தாக வேண்டும்.