சுமையும் சும்மாடும்
(வரலாற்று நாடகம் தந்த வாழ்க்கைப் பாடங்கள்)

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்

படித்துத் தெரிந்துகொண்டது தேர்வு வரை வரும். பட்டுத் தெரிந்துகொண்டது கடைசி வரை வரும் என்று எங்கள் குத்துக்கல்வலசையில் பெரியவர்கள் சொல்வதுண்டு. சென்ற ஆண்டு விழாவில் நம் கல்லூரி மாணவர்கள் நடித்த பூலித்தேவன் நாடகத்தில் எனக்கு ஒரு வசனம்கூடக் கிடையாது. முற்பகுதியில் மூட்டை தூக்கும் குடியானவன். பிற்பகுதியில் தீப்பந்தம் ஏந்திய காவலன். ஆயினும் அந்த இரு சிறு வேடங்களில் நான் கற்றவை நாடகத்திற்கு மட்டுமன்றி, வீட்டுக்கும் வேலைக்கும் பயன்படுவன. அவற்றை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

கதை நாம் அறிந்ததே. நம் தென்காசி மாவட்டத்து நெற்கட்டும்செவலுக்கு 1755இல் கர்னல் ஹெரான் படையோடு வந்து கப்பம் கேட்டார். கப்பம் கிடைக்காமலே திரும்பினார். 1761இல் யூசுப்கானின் படையெடுப்பில்தான் பூலித்தேவனின் கோட்டைகள் வீழ்ந்தன. முற்றுகைக்கு முன் ஊர் மக்கள் கோட்டைக்குள் தானியம் சேர்ப்பதாக எங்கள் நாடகத்தில் ஒரு காட்சி. அங்கேதான் என் சோதனை தொடங்கியது.

1. சுமை தூக்குதல்

முதலில் மூட்டைகளில் உமியை நிரப்பினோம். ஒத்திகையைப் பார்த்த பேராசிரியர், “தானியம் கொண்டுபோகிறீர்களா, தலையணை கொண்டுபோகிறீர்களா?” என்று கேட்டார். மறுநாள் 25 கிலோ நெல்லைக் கட்டினோம். பத்து அடி நடப்பதற்குள் என் கழுத்து திரும்பியது. மூட்டை விழுந்து பிரிந்து, மேடையெல்லாம் நெல். “உங்க ஊர்ல மூட்டை தூக்குறவங்க யாராவது இருந்தா கேட்டுட்டு வாடா” என்றான் ஒரு நண்பன். எல்லோரும் சிரித்தனர். நான் வாய் திறக்கவில்லை.

காரணம் உண்டு. என் தந்தை பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சுமை தூக்குபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். சேர்க்கைப் படிவத்தில் ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் நான் எழுதியது ‘வியாபாரம்’.

அன்றிரவு திண்ணையில் அமர்ந்து தந்தையிடம் கேட்டேன். அவர் தோளில் கிடந்த துண்டை உதறி எடுத்தார்.

“ஏலே, மொதல்ல சும்மாட்டக் கட்டப் படி. பொறவு மூட்டையத் தூக்கலாம்.”

துண்டை நீளவாக்கில் லேசாக முறுக்கி, வட்டமாகச் சுற்றி, நுனியை உள்ளே செருகினார். நடுவில் சிறு பள்ளம். அதை உச்சந்தலையில் வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, நான்கு விதிகள் சொன்னார். தலைக்குச் சுமையேற்ற எப்போதும் இன்னொருவர் கை வேண்டும். தரையிலிருந்து எடுக்கும்போது முழங்காலை மடக்கு, முதுகை வளைக்காதே. நடக்கும்போது கண் எதிரே இருக்கட்டும், காலைப் பார்க்காதே. அடியைச் சிறிதாக வை, இடையில் திடீரென்று நிற்காதே.

“தூக்குறது கையில்லலே, தொடைதான் தூக்குது” என்றார்.

இவை ஒவ்வொன்றும் நாம் வகுப்பில் படிக்கும் இயற்பியலே. 25 கிலோ பெட்டி ஒன்றின் எடை 245 நியூட்டன். அதன் விளிம்பு தலையில் 10 சதுர செ.மீ. பரப்பில் மட்டும் படுவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சதுர செ.மீ. மீதும் 24.5 நியூட்டன் அழுத்தும். சும்மாடு அப்பரப்பை 100 சதுர செ.மீ. ஆக்கினால் அழுத்தம் பத்தில் ஒரு பங்காகிறது. சுமை குறையவில்லை, அது பரவிவிட்டது. கண் எதிரே இருந்தால் தலை நிமிர்ந்திருக்கும். சுமையின் புவியீர்ப்பு மையம் முதுகெலும்புக்கு நேர்மேலே நிற்கும். குனிந்தால் அது முன்னே விலகி, கழுத்துத் தசைகள் இழுத்துப் பிடிக்க வேண்டியதாகும்.

தலையில் தூக்காதவர்க்கும் இது பொருந்தும். 20 கிலோ அரிசிப் பையை உடலிலிருந்து 50 செ.மீ. தள்ளிப் பிடித்தால் திருப்புவிசை 98 நியூட்டன் மீட்டர். 25 செ.மீ. தூரத்தில் அணைத்துப் பிடித்தால் அதில் பாதி. ஆகவே வாளியோ, எரிவாயு உருளையோ, உடலோடு ஒட்டித் தூக்குங்கள். தூக்கியபடியே இடுப்பைத் திருப்பாதீர்கள். காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள்.

வயதுவந்த ஆண் தொழிலாளி ஒருவர் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேற்பட்டிருந்தால் அதைக் குறைக்க வேண்டுமெனப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967இலேயே பரிந்துரைத்தது. தந்தை இளமையில் தூக்கியவை நூறு கிலோ மூட்டைகள். இன்று மழைக்காலத்தில் அவர் மூட்டுகள் அதற்குக் கணக்குச் சொல்கின்றன.

2. நிற்பதும் உடுப்பதும்

சாரல் காலமாக இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். எங்கள் ஒத்திகை நடந்ததோ பங்குனி வெயிலில். காவலன் வேடத்திற்கு வாடகைக்கு எடுத்த சாட்டின் அங்கி. அசையாமல் நிற்க வேண்டும் என்ற கட்டளை வேறு. காலையில் நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அரைமணி நேரத்தில் கண் இருண்டு சாய்ந்தேன்.

வியர்வை ஒரு கிராம் ஆவியாகும்போது உடலிலிருந்து ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான். காற்றுப் புகாத செயற்கை இழைத் துணி இந்த வேலையைத் தடுக்கிறது. பருத்தி இடம் கொடுக்கிறது. அசையாமல் நிற்கும்போது இரத்தம் கால்களில் தேங்கி, மூளைக்குப் போவது குறைகிறது. கெண்டைக்கால் தசை அசைந்தால்தான் அது மேலே தள்ளப்படும். ஆகவே நிற்க நேர்ந்தால் செருப்புக்குள்ளேயே விரல்களை மடக்கி நீட்டுங்கள். குதிகாலை மெல்ல உயர்த்தித் தாழ்த்துங்கள். பார்ப்பவர்க்குத் தெரியாது. மயங்கியவரைச் சுற்றிக் கூட்டம் கூடாமல், மல்லாக்கப் படுக்கவைத்து, காலைச் சற்றே உயர்த்தி, உடையைத் தளர்த்துங்கள். முழு நினைவு வருமுன் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒத்திகைக்கு வருமுன் உப்பிட்ட நீராகாரம் ஒரு செம்பு குடித்து வருவது நான் பிறகு மேற்கொண்ட வழக்கம்.

என் அக்காள் துணிக்கடையில் நாள்முழுதும் நிற்பவள். கால் விரல் பயிற்சியை அவளிடம் சொன்னபோது, “நீ அரைமணி நேரம் நின்னதுக்கே மயங்கிட்டியா?” என்று சிரித்தாள். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. அதை அவளுக்கு எடுத்துச் சொன்னது நான். படித்தவன் வீட்டுக்குச் செய்யக்கூடிய உதவிகளில் இதுவும் ஒன்றல்லவா?

3. தீயும் வாளும்

தீப்பந்தம் பிடிப்பவர் பருத்தி ஆடையே அணிய வேண்டும். நைலான் போன்றவை உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். எரிகின்ற பந்தத்தில் ஒருபோதும் மண்ணெண்ணெய் ஊற்றக் கூடாது. மேடையின் இருபுறமும் ஒரு வாளி மணலும் நனைத்த சாக்கும் இருக்கட்டும். தீக்காயம் பட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும். பேனா மை, பற்பசை, நெய் ஆகியவற்றைத் தடவும் வழக்கத்தை அடுக்களையிலும் விட்டுவிடுவோம்.

வாட்போர்க் காட்சிக்கு மரவாளே போதும். விளிம்பையும் நுனியையும் மழுக்கிவிடுங்கள். வீச்சு எதிராளியின் தோளுக்கு மேலே போகக்கூடாது. ஒன்று, இரண்டு என எண்ணி, முதல் வாரம் மெதுவாகவே பழகுங்கள். கைதட்டல் கேட்டதும் வேகம் தானாகக் கூடும்; எண்ணிக்கைதான் அப்போது காக்கும்.

4. காலப் பிழைகள்

முதல் ஒத்திகையில் எங்கள் படைவீரன் ஒருவன் கைக்கடிகாரத்தோடு வந்தான். இன்னொருவன் தீப்பெட்டியைக் கிழித்துப் பந்தம் ஏற்றினான். உரசித் தீப்பற்றும் குச்சியை ஜான் வாக்கர் கண்டுபிடித்தது 1826இல். எனவே 1755ஆம் ஆண்டு வீரனுக்குச் சிக்கிமுக்கிக் கல்லோ, எரிந்துகொண்டிருக்கும் விளக்கோதான் கதி. கேடயத்துக்கு நாங்கள் ஒட்டிய அலுமினியத் தாளும் பிழையே. அவ்வுலோகம் முதலில் பிரித்தெடுக்கப்பட்டது 1825இல். நைலான் பிறந்தது 1935இல். மேடையேறுமுன் ஒவ்வொரு பொருளையும் கையிலெடுத்து, ‘நீ அப்போது இருந்தாயா?’ என்று கேட்பது நல்ல பழக்கம். அப்படிக் கேட்டபோது தயங்காமல் ‘இருந்தேன்’ என்றது, என் தலையில் இருந்த சும்மாடு ஒன்றுதான்.

முடிவுரை

விழா நாளில் நால்வரும் நெல் மூட்டைகளைச் சிந்தாமல் கோட்டைக்குள் கொண்டு சேர்த்தோம். மற்ற மூவருக்கும் சும்மாடு கட்டக் கற்றுத் தந்தவன் நான். நாடகம் முடிந்ததும் பேராசிரியர், “யாரிடம் படித்தாய்?” என்று கேட்டார். அரங்கின் கடைசியில், வெள்ளை வேட்டியில், உட்காராமல் நின்றுகொண்டிருந்தவரைக் காட்டி, “என் அப்பா ஐயா, சந்தையில் மூட்டை தூக்குகிறார்” என்றேன். பேராசிரியர் நேரே அவரிடம் போய்க் கைகூப்பினார். தந்தைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். வீடு திரும்பும் பேருந்தில் என்னிடம் கேட்டது ஒன்றே: “ஒங்க காலேசுல இதையெல்லாமா சொல்லிக் குடுக்காவ?”

நம் பக்கத்துப் பழைய சாலைகளில் இன்னும் சில சுமைதாங்கிக் கற்கள் நிற்கின்றன. இரு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். பிறர் துணையின்றித் தலைச்சுமையை இறக்கவும் ஏற்றவும் ஏற்ற உயரம். கருவோடு இறந்த பெண்களின் நினைவாக அவற்றை நடுவது வழக்கம். வழிப்போக்கன் ஒருவனின் கழுத்து வலியை எண்ணிப் பார்த்த அந்த மனம்தான், நாம் வரலாற்று நாடகம் போட்டுத் தேட வேண்டியது.

இவ்வாண்டு உதவித்தொகைப் படிவம் வந்தது. ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் ‘சுமை தூக்கும் தொழிலாளர்’ என்று எழுதிக் கொடுத்தேன்.