தை மாதத்தில் காரைக்குடி

யாங்கோன்

அன்புள்ள தங்கைக்கு,

திருப்பதி, காஞ்சி, தஞ்சை, மதுரை, ராமேஸ்வரம், கன்னியாகுமரி, ஊட்டி எல்லாவற்றையும் பத்து நாளுக்குள் அடைத்து நீ அனுப்பிய பட்டியல் கிடைத்தது. அதன்படி போனால் நீ அதிகம் பார்க்கப்போவது நெடுஞ்சாலையைத்தான். காரைக்குடியில் அறை எடுத்து ஒரு வாரம் தங்கிச் செட்டிநாட்டை மட்டும் பார் என்பது என் யோசனை. யாங்கோனில் வளர்ந்தவளுக்கு இதைவிடப் பொருத்தமான வட்டாரம் இந்தியாவில் இல்லை. அந்த ஊர்களின் கதையில் பாதி இங்கே, நம் ஐராவதிப் படுகையில் நடந்தது. அந்தப் பாதி உனக்கு ஏற்கெனவே பழக்கம்.

1852இல் கீழ்ப்பர்மா வெள்ளைக்காரர் கைக்குப் போனது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் அரிசி ஏற்றுமதி பெருகப் பெருக, படுகைக் காடுகள் வயல்களாயின. காடு திருத்தும் விவசாயிக்கு முன்பணம் வேண்டும். பெரிய வங்கிகள் அவனைச் சீந்தவில்லை. மொகல் தெருவில், அதாவது இன்றைய ஷ்வேபொன்தா தெருவில், கிட்டங்கி வைத்துப் பெட்டியடியில் உட்கார்ந்த நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள், பணம் கொடுத்தார்கள். 1930 வாக்கில் பர்மா வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது சுமார் 1,650 செட்டியார் கடைகள், 75 கோடி ரூபாய் முதல். அந்த வட்டிதான் கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் தெருவை அடைத்துக்கொண்டு வீடாக எழுந்தது. மரமும் இங்கிருந்தே போனது. முகப்பைத் தாண்டி வளவில் நின்றால் சுற்றிலும் பர்மாத் தேக்கு. காலடியில் ஆத்தங்குடிக் கல். அது செய்வதைப் பார்க்க ஒரு காலைப்பொழுதை ஒதுக்கு. கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, அதன் ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு நிறச் சிமென்ட் கரைசலைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கிவிட்டு மணலும் சிமென்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். பிறகு கண்ணாடியைக் கழற்றினால் அதன் மினுமினுப்பு கல்லில் நிற்கும். சூளையே கிடையாது.

பர்மாவுக்குக் கூலிக்கு வந்தவர் பேத்தி வட்டிக்காரர் மாளிகையைப் போய்ப் பார்ப்பானேன் என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் தூக்குப்பெட்டியோடு வந்தவரையும் பணப்பெட்டியோடு வந்தவரையும் கப்பலேற்றியதில் அந்த மழைகுறைந்த சீமைக்கும் பங்குண்டு. இரண்டாவது, அந்த வீட்டை மெச்சிவிட்டு வரச் சொல்லவில்லை. அதன் கணக்கையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன். 1930இல் நெல் விலை விழுந்தது. அதற்குமுன் கீழ்ப்பர்மா விளைநிலத்தில் செட்டியார்கள் கையில் இருந்தது சுமார் 6 விழுக்காடு. 1938க்குள் அது 25 விழுக்காட்டை எட்டியது. கடன் திரும்பாததால் வந்து சேர்ந்த நிலம், தேடி வாங்கியதில்லை என்பார்கள் நகரத்தார். அதில் உண்மை உண்டு. நிலத்தை இழந்தவனுக்கு அந்த நியாயம் சோறு போடாது என்பதும் உண்மை. பர்மிய நண்பர்கள் நடுவே வளர்ந்த உனக்கு இரண்டும் புரியும். சென்னையிலிருந்து வருகிற பயணிக்கு அது எளிதல்ல.

1942இல் ஜப்பானியப் படையெடுப்பு, 1948இல் நில நாட்டுடைமைச் சட்டம், 1962க்குப் பிறகு நே வின் ராணுவ ஆட்சியில் கடைகளும் நாட்டுடைமை. வரவு நின்றதும் பல வீடுகள் பூட்டிக்கிடந்தன. ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலர், திறப்பது கல்யாணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் மட்டும். ஆகவே தெருவில் பார்க்கும் எல்லா வீட்டுக்குள்ளும் நுழைந்துவிடலாம் என்று எண்ணாதே. காவலாளியிடம் கேள், மறுத்தால் வந்துவிடு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பிரித்தெடுத்த கதவு நிலைகளும் மங்குச் சாமான்களும் பர்மா அரக்குப் பெட்டிகளும் குவிந்திருக்கும். வாங்காதே என்று சொல்ல எனக்கு உரிமையில்லை; எங்கிருந்து வந்தது என்று விசாரித்துவிட்டு வாங்கு.

மலையும் அருவியும் இல்லாத ஊரில் என்ன அழகு என்பது அம்மாவின் கேள்வியாக இருக்கும். செம்மண்ணும் ஊருணியும் கண்மாயும்தான் அங்கே காட்சி. வேட்டங்குடிச் சரணாலயத்துக்குக் குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வரும். அவை மிரளக்கூடாதென்று பக்கத்துக் கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. பிள்ளையார்பட்டிக் குடைவரை பக்கத்திலேயே, திருமயம் கோட்டை புதுக்கோட்டைச் சாலையில். மதுரை 90 கிலோமீட்டர்தான். மீனாட்சியைக் கும்பிட்டுவிட்டு இரவுக்குள் திரும்பலாம். ராமேஸ்வரத்துக்கும் ஒரு முழு நாள் கொடு. கன்னியாகுமரியும் ஊட்டியும் இந்த முறை வேண்டாம்.

திஞ்சான் புத்தாண்டு விடுமுறையில் போகலாம் என்கிறாய். சித்திரை வெயிலில் அந்தச் செம்மண் காட்டில் பகல் பத்து மணிக்குமேல் நடக்க முடியாது, பறவைகளும் போயிருக்கும். ஐப்பசி, கார்த்திகை அங்கே மழைக்காலம். தை மாதம் சரி. குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நகரத்தார் காவடி நடந்து புறப்படுவதையும் அப்போது பார்க்கலாம். தைப்பூசம் எந்தத் தேதி என்று பார்த்துக்கொண்டு, அதற்குச் சில நாள் முன்னதாகவே காரைக்குடியில் இரு. சென்னையிலிருந்து பல்லவன் ரயில் பிற்பகலில் கிளம்பி இரவில் கொண்டுபோய்ச் சேர்க்கும். முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும், பொங்கல் சமயத்தில் உடனே தீர்ந்துவிடும். விசாவுக்கு இப்போதே விண்ணப்பித்துவிடு.

அன்புடன்,
அண்ணன்