ஒரு பேருந்தைத் தவறவிடுங்கள்

கலந்தாய்வில் வானூர் ஒன்றியம் கிடைத்திருக்கிறது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, இரண்டு ஆசிரியர்கள், ஐந்து வகுப்புகள். உங்கள் வீடு திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ பாண்டியிலோ இருக்கும். பணியேற்றதும் நீங்கள் முதலில் மனப்பாடம் செய்யப்போவது பேருந்து நேரத்தைத்தான். காலையில் எதைப் பிடித்தால் மணியடிப்பதற்குள் போய்ச் சேரலாம், மாலையில் எதை விட்டால் அடுத்தது எப்போது என்ற கணக்கு. அதில் தவறில்லை. ஆனால் அந்தக் கணக்கிலேயே ஐந்து வருடம் ஓடிவிட்டால், ஊரைப் பொறுத்தவரை நீங்கள் பேருந்தில் வந்து பேருந்தில் போகிற ஓர் ஆள், அவ்வளவுதான். வாரத்தில் ஒரு நாள் வேண்டுமென்றே ஒரு பேருந்தைத் தவறவிடுங்கள். கையில் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரத்தை எப்படிச் செலவழிப்பது என்பதற்குத்தான் இந்த வழிகாட்டி.

பெற்றோரோடு பேசுவதெல்லாம் வேலை நேரத்துக்கு வெளியே செய்கிற சேவை என்று சக ஆசிரியர் யாராவது சொல்வார். நம்ப வேண்டாம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளை வரிசையாகச் சொல்கிறது. நேரத்துக்கு வருவதும் பாடத்தை முடிப்பதும் அதில் இருக்கின்றன. பெற்றோரைத் தவறாமல் கூட்டி, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் எல்லாவற்றையும் எடுத்துச் சொல்வதும் அதே வரிசையில்தான் இருக்கிறது. வகுப்பறை எப்படியோ, வீட்டுத் திண்ணையும் அப்படியே உங்கள் பணியிடம்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதும் அல்ல. நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்தபோது, 1958இல், கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடியது. தங்கள் பள்ளிக்கு என்ன வேண்டும் என்று ஊர்மக்களே பட்டியல் போட்டு, பணமாகவும் பொருளாகவும் கொண்டுவந்து கொடுத்த இயக்கம் அது. இன்றும் பல ஊர்களில் தட்டு வரிசையோடு மேளம் முழங்க வரும் கல்விச் சீர் அந்த மரபின் தொடர்ச்சிதான். உங்களுக்குப் பக்கத்திலேயே இன்னொன்று இருக்கிறது. அடுத்த ஒன்றியமான மரக்காணத்தில், முதலியார்குப்பத்தில்தான் 2021 அக்டோபர் 27 அன்று இல்லம் தேடிக் கல்வி தொடங்கப்பட்டது. தொற்றுக்காலத்தில் பள்ளி பூட்டிக் கிடந்தபோது விட்டுப்போன எழுத்தையும் கணக்கையும் அந்தந்த ஊர்த் தன்னார்வலர்களே, பெரும்பாலும் பெண்கள், மாலையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களில் யாராவது ஒருவர் உங்கள் ஊரிலும் இருப்பார். எந்தப் பிள்ளை அம்மாவிடம் வளர்கிறது, எது ஆயாவிடம் வளர்கிறது என்பது அவருக்கு அத்துப்படி. பணியேற்ற வாரமே அவரைத் தேடிப் பிடித்துவிடுங்கள்.

யார் எப்போது வீட்டில் இருப்பார்கள்?

வானூர் வட்டம் ஒரே மாதிரியான ஊர்களால் ஆனதல்ல. திருவக்கரைப் பக்கம் கல்குவாரி. பொம்மையார்பாளையம் போன்ற கடலோர ஊர்களில் அப்பா விடியலுக்கு முன்பே கடலுக்குப் போய்விடுவார், அம்மா மீன்கூடையோடு கிளம்பிவிடுவார். ஆரோவில்லைச் சுற்றியுள்ள ஊர்களில் தோட்ட வேலையும் சமையல் வேலையும் கைவினைக் கூடங்களும். புதுச்சேரி எல்லையை ஒட்டிய ஊர்களில் சேதராப்பட்டு கம்பெனிகளில் ஷிப்ட். இவற்றுக்கு நடுவே நெல், மல்லாட்டை, சவுக்கு, முந்திரி. எல்லா ஊரிலும் நூறு நாள் வேலை.

கூட்டத்துக்கு யாரும் வருவதில்லை என்று நாம் குறைபடுகிறோம். நாம் வைக்கும் நேரத்தில் அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. நூறு நாள் வேலையில் ஒரே நாளில் இரண்டு முறை ஒளிப்படம் எடுத்து வருகை பதிகிறார்கள். நடுவில் எழுந்து வந்தால் கூலி போய்விடும். ஆடி வெள்ளியில் கூட்டம் என்றால் அம்மாக்கள் அம்மன் கோயிலில் இருப்பார்கள். அமாவாசை இரவு மேல்மலையனூருக்குப் போய்த் திரும்பிய வீட்டில் மறுநாள் காலை யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். கோட்டக்குப்பம் பக்கம் என்றால் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த பிறகுதான் யாரையும் அழைக்க முடியும். எந்தக் கிழமை என்பதையும் யோசித்துத்தான் வைக்க வேண்டும். டெல்லி அரசுப் பள்ளிகள் 2016இல் முதல் பெரும் பெற்றோர் சந்திப்பை நடத்தியபோது அதை ஜூலை 30, சனிக்கிழமையன்று வைத்தார்கள். பணியேற்ற முதல் மாதம் ஒரு நோட்டில் வீடுவாரியாக எழுதுங்கள்: யார் என்ன வேலை, எத்தனை மணிக்குத் திரும்புவார், வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் யார். அதை முடிக்காமல் எந்தக் கூட்டத்துக்கும் தேதி குறிக்காதீர்கள்.

முதல் பேச்சு நல்ல சேதியாக இருக்கட்டும்

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் வீட்டுப்பாடமே எழுதிவருவதில்லை என்று அவன் அப்பாவை வரச்சொன்னேன். கட்டட வேலையை அரை நாள் விட்டுவிட்டு வந்தார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, வகுப்பு வாசலில் நின்றபடியே கேட்டுக்கொண்டார். மற்றப் பிள்ளைகள் பார்க்கப் பார்க்க நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் காட்டினேன். ‘சரிங்க டீச்சர், சரிங்க டீச்சர்’ என்றதைத் தவிர அவர் எதுவும் சொல்லவில்லை. அந்த நோட்டில் இருந்ததை அவரால் படிக்க முடியாது என்பது அடுத்த மாதம்தான் எனக்குத் தெரிந்தது. பையன் ஒரு வாரம் பள்ளிப் பக்கமே வரவில்லை. அந்த அரை நாள் கூலிக்கும் அந்த ஒரு வாரத்துக்கும் நான்தான் பொறுப்பு.

அதற்குப் பிறகு எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி இதுதான்: ஒரு வீட்டின் வாசலில் முதல் முறை நிற்கும்போது குறை எதையும் வாயில் எடுக்கக் கூடாது. நல்லதைச் சொல்வதற்காகவே போக வேண்டும். ‘நல்லா படிக்கிறா’ என்று பொத்தாம் பொதுவாகச் சொன்னால் யார் காதிலும் ஏறாது. ‘கடன் வாங்கிக் கழிக்கிற கணக்கை இன்னைக்கு உங்க பொண்ணு யார் உதவியும் இல்லாம போட்டா’ என்று சொல்லிப் பாருங்கள், அந்த அம்மா அதைப் பக்கத்து வீட்டில் போய்ச் சொல்வார். இப்படி இரண்டு முறை போய்வந்த வீட்டில் மூன்றாவது முறை குறையைச் சொன்னாலும் அவர்கள் உங்கள் பக்கம் நின்று கேட்பார்கள்.

நம் சொற்களையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறோம். நமக்கு அது பாடத் திட்டமிடலுக்கான பெயர். ‘உங்க பையன் அரும்புல இருக்கான்’ என்று சொன்னால், ‘அப்ப பெயிலா டீச்சர்?’ என்றுதான் அம்மா கேட்பார். நிலையின் பெயரைச் சொல்லாமல் பயிற்சி நூலைத் திறந்து காட்டுங்கள்: இந்தப் பக்கத்தை இப்போது படிக்கிறான், பொங்கலுக்குள் இந்தப் பக்கத்துக்கு வந்துவிடுவான். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரிடம் ‘வீட்ல படிக்க வையுங்க’ என்று சொல்வது அவர்களை அவமானப்படுத்துவது போல. அவர்களால் செய்ய முடிந்ததைக் கேளுங்கள். பேருந்தின் பெயர்ப் பலகையைப் படிக்கச் சொல்லலாம், ரேஷன் கடையில் மீதிச் சில்லறையை எண்ணச் சொல்லலாம், இன்று பள்ளியில் கேட்ட கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லலாம். எந்த அம்மாவாலும் முடியும்.

அடுப்படியில் இருக்கும் உங்கள் சக ஊழியர்

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவினர். அவர்களுடைய பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்பதும் தேர்வுக்கான விதிகளில் ஒன்று. ஆகவே காலையில் உப்புமா கிண்டுகிற அந்தப் பெண் ஒரே நேரத்தில் பள்ளி ஊழியரும் பெற்றோரும். நீங்கள் பேருந்தில் இருந்து இறங்குவதற்கு முன்பே அவர் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துவிடுகிறார். எந்தப் பிள்ளை சாப்பிடாமல் தட்டைத் தள்ளியது, எது இரண்டு முறை கேட்டு வாங்கியது, எது அழுத கண்ணோடு வந்தது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தினமும் இரண்டு நிமிடம் அவரிடம் பேசிவிட்டு வகுப்புக்குப் போங்கள். மதியம் சத்துணவு அமைப்பாளரிடமும் சமையலரிடமும் அப்படியே. அவர்களைப் பெயரோடு ‘அக்கா’ சேர்த்துக் கூப்பிடுங்கள். ‘ஆயா, இங்க வா’ என்று நீங்கள் ஒரு நாள் கூப்பிட்டால், மறுநாள் முதல் பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அதில் அந்த அக்காவின் மகளும் இருப்பாள்.

மேலாண்மைக் குழு: கையெழுத்தைத் தாண்டி

கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022 மார்ச் 20 அன்று மாநிலம் முழுவதும் பெற்றோரைக் கூட்டி இதை எடுத்துச் சொன்ன பிறகு, 20 பேர் கொண்ட குழுக்கள் அமைந்தன. 2024இல் மறுபடி அமைத்தபோது 24 பேராகி, முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கிடைத்தது. தலைவர் பெற்றோரில் ஒருவர். தீர்மானங்களைச் செயலியில் ஏற்றுகிறோம். அமைப்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தலைமையாசிரியர் தீர்மானத்தை முன்பே எழுதிவைத்துவிட்டு, ‘இங்க ஒரு கையெழுத்து போடுங்கம்மா’ என்று நோட்டை நீட்டினால், அந்த அம்மா அடுத்த மாதம் எதற்கு வர வேண்டும்?

முதல் கூட்டத்தில் பெரிய விஷயம் எதையும் எடுக்காதீர்கள். சுற்றுச்சுவரும் புதுக் கட்டடமும் பல அலுவலகங்களைக் கடந்து வர வேண்டியவை. பெற்றோர் சொல்லி ஒரே மாதத்தில் முடியக்கூடிய ஒன்றைத் தேடுங்கள். ஒழுகும் குழாய், தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக் கதவு, வாசலில் தேங்கும் மழைநீர் போன்றவை. அதைச் சொன்ன பெற்றோரின் பெயரோடு பதிவேட்டில் எழுதி, அடுத்த கூட்டத்தை அவரைக் கூட்டிப்போய் அதைக் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். தான் சொன்னது நடந்ததைக் கண்ணால் பார்த்தவர் மறுபடி வருவார், வரும்போது இன்னொருவரையும் அழைத்துவருவார். பெரியவற்றைப் பள்ளி வளர்ச்சித் திட்டத்தில் சேர்த்து, கிராம சபையிலும் வையுங்கள். ஜனவரி 26 தொடங்கி நவம்பர் 1 வரை வருடத்தில் ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. அங்கே ஆசிரியர் எழுந்து கேட்பதைவிட மூன்று அம்மாக்கள் எழுந்து கேட்பதற்கு எடை அதிகம்.

பணக் கணக்கை ஒளிக்காதீர்கள். சமக்ர சிக்ஷா விதிப்படி பள்ளி மானியம் 30 பிள்ளைகள் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய், 100 வரை 25,000. சிறிய தொகைதான். எதற்கு எவ்வளவு செலவானது என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினால், ‘எவ்வளவோ பணம் வருது, எங்க போகுதோ’ என்ற ஊர்ப்பேச்சு அன்றோடு நிற்கும்.

இதைவிடக் கடினமான ஒன்று உண்டு. பல ஊர்களில் ஊர்ப் பகுதியும் தலித் மக்களின் குடியிருப்பும் தனித்தனியே இருக்கின்றன. பள்ளி எந்தப் பக்கம் இருக்கிறதோ, மறுபக்கத்துப் பெற்றோருக்கு அதன் வாசல் தொலைவாகவே தெரியும். குழுவில் விகிதப்படி ஆள் இருந்தாலும், ஒரு பக்கத்தார் நாற்காலியில் அமர்ந்து பேச, மறு பக்கத்தார் சுவரோரம் நின்று கேட்டுவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். நாற்காலிகளை எடுத்துவிட்டு, ஆசிரியர் உட்பட எல்லோரும் தரையில் வட்டமாக உட்காருங்கள். வீடு வீடாகப் போகும்போது குடியிருப்பில் இருந்தே தொடங்குங்கள். நீங்கள் யார் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தீர்கள் என்பது அன்று மாலையே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். எல்லா வீட்டிலும் வாங்கிக் குடியுங்கள். யாராவது முகம் சுளித்தால் அதற்காக உங்கள் வழக்கத்தை மாற்றாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் பெற்றோரோடு இணங்கிப் போக வேண்டியதில்லை.

வேனும் சூளையும்

காலையில் பள்ளி வாசலைக் கடந்து போகும் தனியார் பள்ளி வேன் உங்களை வருத்தும். எல்லை தாண்டினால் புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம். பெற்றோர் ஒப்பிடத்தான் செய்வார்கள். அவர்களைக் குறை சொல்லாதீர்கள், வேனையும் திட்டாதீர்கள். சேர்க்கைக் காலத்தில் துண்டறிக்கை கொடுப்பதோடு நிற்காமல், ஏற்கெனவே உங்களிடம் படிக்கும் இரண்டாம் வகுப்புப் பிள்ளையை அங்கன்வாடிக்கு அழைத்துப்போய் ஒரு கதையைப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை படிப்பதைக் காதால் கேட்ட அம்மாவுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு கிளம்புகிற வீடுகள் வேறு வகை. அவர்களிடம் மார்கழியிலேயே பேச வேண்டும். பிள்ளையை ஆயாவிடம் விட்டுப்போக முடியுமா, முடியாவிட்டால் போகிற ஊரில் எந்தப் பள்ளி இருக்கிறது என்று கேட்டு, அங்குள்ள தலைமையாசிரியரிடம் பேசிவையுங்கள். ஜனவரி கடைசியில் பூட்டிய வீட்டின் முன்னால் நின்று பயனில்லை.

சில எச்சரிக்கைகள். வீடுகளுக்குத் தனியாகப் போகாதீர்கள், சக ஆசிரியரையோ தன்னார்வலரையோ உடன் அழைத்துக்கொள்ளுங்கள். இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் எந்தப் பிள்ளையின் குறையையும் எழுதாதீர்கள். குடும்பச் சண்டையில் பஞ்சாயத்துப் பேசாதீர்கள். ஆனால் பிள்ளைக்கு அடியோ வேறு துன்பமோ நேர்கிறது என்று தெரிந்தால் தயங்காமல் 1098க்கு அழையுங்கள். நல்லுறவு கெட்டுவிடுமே என்று அதைத் தள்ளிப்போடக் கூடாது.

என்றாவது ஒரு நாள் உங்களுக்கும் மாறுதல் வரும். பொறுப்பை ஒப்படைக்கும்போது வருகைப் பதிவேட்டோடும் இருப்புப் பதிவேட்டோடும் அந்த வீட்டு நோட்டையும் சேர்த்துக் கொடுங்கள். எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போகலாம், எந்த ஆயாவுக்குக் காது சரியாகக் கேட்காது, எந்த அப்பாவிடம் நோட்டை நீட்டாமல் வாயால் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். முதல் பக்கத்தில் இரண்டு பேருந்து நேரங்களை எழுதிவையுங்கள்: பள்ளி விட்டதும் வருவது ஒன்று, அதற்கு அடுத்து வருவது ஒன்று.