காபன் வியாபாரம்: பதுளு ஓயா தரும் பாடம்

காற்றை விற்பதா, புகைக்கு விலையா என்று சிரிக்கும் வியாபாரிகள் நம்மில் உண்டு. ஆனால் காபன் வியாபாரம் ஊவாவுக்குப் புதியதல்ல.

1997ஆம் ஆண்டின் கியோட்டோ உடன்படிக்கை பணக்கார நாடுகள் வெளியிடும் புகைக்கு வரம்பு விதித்தது. அது 2005 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வரம்பைத் தாண்டுபவர்கள், வளர்முக நாடொன்றில் புகையைக் குறைக்கும் திட்டத்திடம் சான்றிதழ் வாங்கி ஈடுசெய்ய முடிந்தது. ஒரு தொன் காபனீரொட்சைட்டைக் குறைத்தால் ஒரு சான்றிதழ். சரக்கு இதுதான்.

இலங்கையிலிருந்து 2005இல் முதன்முதலாகப் பதிவான திட்டங்களில் ஒன்று, இரத்தினபுரி மாவட்டத்து அலுபொலவையும் நமது பதுளு ஓயாவையும் சேர்த்த சிறு நீர்மின் திட்டம். ஆற்று நீரைத் திருப்பி, குழாய் வழியே இறக்கி, சுழலியைச் சுற்றவைத்து மீண்டும் ஆற்றிலேயே விடுவது இதன் முறை. அந்த மின்சாரம் வந்த அளவுக்கு எண்ணெய் எரித்து மின்சாரம் எடுப்பது குறையும். அந்தக் குறைவே காபன் கணக்கு.

இனி விலையைப் பாருங்கள். 2008இல் ஒரு சான்றிதழ் 20 யூரோவையும் தாண்டியது. 2012 முடிவில் ஒரு யூரோவுக்கும் கீழே போனது. 10,000 சான்றிதழ் வைத்திருந்தவருக்கு இரண்டு இலட்சம் யூரோவாக இருந்த சரக்கு, பத்தாயிரம் யூரோகூடப் பெறவில்லை. சரக்கு கெடவில்லை. ஐரோப்பாவில் தொழில்கள் மந்தமாகித் தேவை குறைந்தது. சந்தையில் சான்றிதழ் குவிந்தது. 2012க்குப் பின் பதிவாகும் திட்டங்களில், மிகவும் பின்தங்கிய நாடுகளின் சான்றிதழை மட்டுமே ஏற்பதென ஐரோப்பிய ஒன்றியம் தீர்மானித்தது. அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை.

தேயிலை ஏலத்தில் விலை விழுந்தாலும் தேநீர் குடிக்க ஆள் இருக்கும். இத்தகைய காபன் சான்றிதழுக்கோ பெரும்பாலும் சட்டம் கேட்டால்தான் தேவை. அந்தச் சட்டமும் நம் கையில் இல்லை. ஆகவே காபன் பணத்தை மேலதிக வருமானமாகக் கொள்ளலாம், முதலுக்கு ஆதாரமாகக் கொள்ளக் கூடாது. மின்சாரம் விற்கும் திட்டத்துக்கு மின்சாரமே பிரதான வருமானம். அதுபோல நமக்கும் வேறொரு வருமானம் இருக்க வேண்டும்.

2015 பரிஸ் உடன்படிக்கைக்குப் பின் இந்த வியாபாரத்துக்குப் புதிய வழி திறந்தது. அதன் விதிகள் 2021இல் கிளாஸ்கோவில் முடிவாகின. 2022இல் இலங்கை ஜப்பானுடனும் உடன்பாடு செய்தது. எனவே உங்கள் காணியில் மரம் நட்டால் காபன் பணம் தருவோம் என்று யாராவது வந்தால், கையொப்பமிடுமுன் நான்கு கேள்வி கேளுங்கள்.

ஒன்று, காணி யாருடையது? பெருந்தோட்டக் காணி பெரும்பாலும் அரசுக்குரியது. கம்பனிகளிடம் குத்தகையில் உள்ளது. நட்டுப் பராமரிக்கும் தோட்டத் தொழிலாளிக்குப் பங்கு வேண்டுமானால் அது எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டு, திட்டம் எங்கே பதிவாகியுள்ளது? மூன்று, அளந்து சரிபார்க்கும் செலவு யாருடையது? நான்கு, மரம் அழிந்தால் நட்டம் யாருக்கு?

நான்காவது கேள்வி நமக்கு மிக முக்கியம். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயன்களே புதைந்தன. 2025 நவம்பரில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தை உலுக்கியது. உலகம் சூடாவதற்கு நம் பங்கு மிகச் சிறிது; சரிவில் வாழ்பவர்கள் நாம். சரியும் மலைக்கும் சேர்த்துப் பொறுப்பேற்கும் ஒப்பந்தத்தில் கையொப்பம் இடாதீர்கள்.